வண்டி தரையில் நின்ற பிறகு

டொக். இல்லை, அது கதவுச் சத்தம். ட்ட்டொக். முன்னால் ஒரு இழுப்பு வேண்டும், நாக்கு மேலண்ணத்தை விட்டு வர மனசில்லாமல் வருகிற மாதிரி, அப்புறம் நெஞ்சுக்கூட்டுக்குள் ஒரு குத்து. ட்ட்டொக். இதுதான், எங்கள் கார் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பின்சீட்டுக்கு அடியில் கேட்கிற சத்தம் அச்சாக இதுதான், மூன்று வாரம் பழகி இப்போதுதான் வாய்க்கு வந்திருக்கிறது, வந்த நேரம் பார்த்து அண்ணன் அந்தச் சத்தத்தையே கழற்றிப் போடப் போகிறான். வாயை மூடிட்டு ஸ்பானரைப் பிடி வல்லி என்கிறான். பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை மணி, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, காரின் பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி இரண்டு இரும்பு ஸ்டாண்டில் நிறுத்தியிருக்கிறது, சக்கரங்களைக் கழற்றிச் சுவரில் சாய்த்தாயிற்று, சாக்கை விரித்து நானும் கதிரேசன் அண்ணனும் மல்லாந்து கிடக்கிறோம், அவன் தலை அந்தப் பக்கம், என் தலை இந்தப் பக்கம், நடுவில் ஒரு போல்ட்டு. அதன் தலையை நான் பதினேழாம் நம்பர் ஸ்பானரால் அசையாமல் பிடிக்க வேண்டும், மறுமுனையில் நட்டை அவன் திருகுவான். நட்டு வரவில்லை. நேற்றே டீசல் ஊற்றி ஊறவைத்தும் வரவில்லை. ஸ்பானர் காம்பில் ஒரு குழாயைச் செருகி நீளமாக்கி இழுக்கிறான், கழுத்து நரம்பு புடைக்கிறது, ஹ்ம்ம்ம் என்று முக்குகிறான், அந்த முக்கல்கூட எனக்கு அப்படியே வரும், ஆனால் இப்போது செய்தால் குழாய் என் மேல்தான் இறங்கும். அவன் மூக்கு நுனியில் கிரீஸ். அவன் கண் எனக்கு ஒரு முழ தூரத்தில். இவ்வளவு பக்கத்தில் ஒருவனைப் பார்த்துக்கொண்டே ஒரு விஷயத்தை மறைத்து வைக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்திருந்தால் நானும் வாரேன் என்று சொல்லியிருக்கவே மாட்டேன். சொல்லிவிடு. இப்போதே. அண்ணே, மதினிகிட்ட போன்ல பேசுனது அம்மா இல்ல, நான். ஏழே வார்த்தை. பஸ் கண்டக்டர் ஒரு மூச்சில் ஒன்பது ஊர் பேர் சொல்லுவார், அதுவும் எனக்கு வரும், இந்த ஏழு மட்டும் தொண்டையில் துருப்பிடித்து நிற்கிறது.

க்ரீச். அசைந்துவிட்டது. நட்டுதான். அண்ணன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போகிறது, அந்தப் போனுக்கு அப்புறம் இந்தப் பதினோரு நாளில் இது இரண்டாவது. கழற்றி மாற்றப் போவது புஷ்ஷை. புஷ் என்றால் பெரிய சமாச்சாரம் ஒன்றும் இல்லை, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு இரும்பு வளையம், நடுவில் ரப்பர், அவ்வளவுதான். பின்சக்கர அச்சை வண்டியோடு கட்டிப் பிடிக்க இரண்டு நீளக் கைகள் இருக்கின்றன, அந்தக் கைகளின் முனையில் இது உட்கார்ந்திருக்கும். சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழும்போது இரும்பும் இரும்பும் மோதாதபடி ரப்பர் நடுவில் முறுக்கிக் கொடுத்து வாங்கிக்கொள்ளும். அது கிழிந்தால் ட்ட்டொக். நாலு மாசத்துக்கு முன்னால்தான் இதே புஷ்ஷை அண்ணன் தானே மாற்றினான், செல்போனில் யாரோ செய்வதைப் பார்த்து, இதே கொட்டகையில், இதே சாக்கில். அதற்குள் எப்படிக் கிழிந்தது என்று கேட்கப் போனபோது ஒர்க்‌ஷாப் அந்தோணி அண்ணாச்சி வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு, அந்தக் கரகரப்பு என் தொண்டையில் இப்போதும் அரிக்கிறது, சக்கரம் தொங்கிக்கிட்டு இருக்கும்போதே போல்ட்டை முழுசா முறுக்கிட்டியாடே என்று கேட்டார். அண்ணன் ஆமா என்றான். காலைத் தொங்கப் போட்டுக்கிட்டுச் செருப்பு வாரை இறுக்குனா, தரையில ஊனி நடக்கயில அறுக்கத்தானடே செய்யும் என்றார். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளுமாம், வண்டியைத் தரையில் இறக்கியதும் நாள் முழுக்க முறுக்கிக்கொண்டே நின்று நின்று கிழிந்துபோகுமாம். போல்ட்டைக் கையால் திருகி விட்டுவிட்டு, வண்டி தன் எடையோடு தரையில் நின்ற பிறகுதான் கடைசி முறுக்கு. வீட்டுக்கு வந்ததும் அண்ணன் சொன்னான், என் மேலதான் தப்பு வல்லி, அதான் பொன்மாரி பயப்படுறா, வண்டி அந்தக் குலுக்கு குலுக்குனா வயித்துப் பிள்ளைக்காரி எப்படி ஏறுவா. நான் தலையை ஆட்டினேன். ஆட்டினேன். இதை எழுதி வைத்து வாசித்தால் சிரிப்பு வரும், ஒரு மனுசன் தன் பெண்டாட்டியின் கோபத்தைப் பதினேழாம் நம்பர் ஸ்பானரால் கழற்றப் பார்க்கிறான், கழற்ற வேண்டிய ஆள் எதிரில் படுத்துக்கொண்டு போல்ட்டுத் தலையைப் பிடித்துக்கொடுக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கே சிரிப்பு வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொன்மாரி மதினி மாதிரி சிரிக்கிற ஆள் இந்தக் கோவில்பட்டியிலேயே கிடையாது. சத்தமே வராது. தோள் மட்டும் குலுங்கும், கண்ணில் தண்ணி, அப்புறம் ஒரு விக்கல். கல்யாணமாகி வந்த புதுசில் அடுப்படிச் சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தவளை, கேஸ் புக் பண்ணினால் பேசுமே அந்தப் பொம்பளைக் குரல், அதில் நான் போய், புது மருமகள் சிரிக்க எண் ஒன்றை அழுத்தவும், அழ எண் இரண்டை அழுத்தவும் என்று சொன்னேன். தோள் குலுங்கியது. அன்றிலிருந்து அவள் என் ஆள். எங்கள் கெமிஸ்ட்ரி டீச்சர், ரேஷன் கடைக்காரர், கோயில் மைக் செட், குக்கர். குக்கர் விசில் என்னுடைய தனிச் சாதனை, அம்மா மூன்றாவது விசிலுக்கு அடுப்பை அணைப்பாள் என்று தெரிந்து இரண்டை நானே அடித்துவிட்டேன், அன்று வீடே அரைவேக்காட்டுச் சோறு தின்றது, அம்மா விளக்கமாற்றோடு என்னைத் தெரு முனை வரை துரத்தினாள், மதினி வாசல்படியில் உட்கார்ந்து விக்கிக்கொண்டிருந்தாள். அதெல்லாம் போன ஆவணிக்கு முன்னால். போன ஆவணியில் மதினிக்கு நாலாம் மாசம். எட்டயபுரத்தில் ஒரு கல்யாணம். பஸ்ஸுல போங்கய்யா, பைக் வேண்டாம் என்று அம்மா வாசலில் நின்று சொன்னாள், அரை மணி நேரம்தானம்மா என்று அண்ணன் சொன்னான், போனார்கள், வந்தார்கள், மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி, நாலாம் நாள் மதினி வெறும் வயிற்றோடு வீட்டுக்கு வந்தாள். அதற்கும் பைக்குக்கும் சம்பந்தம் இல்லை, இது தானாக நடக்கிறதுதான் என்று டாக்டரம்மா இரண்டு தடவை சொன்னாள். அடுத்த மாசமே அண்ணன் பைக்கை விற்றான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. இந்தப் பழைய சின்னக் காரை வாங்கி வந்து நிறுத்தினான், எதுக்கு என்று யாரும் கேட்கவில்லை. அம்மா, நான் அப்பவே சொன்னேன்லா என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. உப்புக் குறைந்தாலே நான் அப்பவே சொன்னேன்லா என்கிறவள். அந்த ஒன்றை மட்டும் விழுங்கிவிட்டாள், விழுங்கி அதன் மேல் ஒரு வருசமாகச் சோறு தின்றுகொண்டிருந்தாள்.

பிடி, விட்டுராத, இப்ப வருது என்கிறான் அண்ணன். போல்ட்டு வெளியே வருகிறது, துருவும் டீசலும் என் முழங்கை வரை வழிகிறது. நீளக் கை ஒரு பக்கம் தளர்ந்து தொங்குகிறது. எனக்குப் பயம், ஸ்டாண்டு சரிந்தால் என்ன ஆகும் என்று, இரண்டு பேரும் சப்பாத்தி, அப்போது மதினிக்கு யார் சொல்வது அது அம்மா இல்லை என்று, யாருக்குமே தெரியாமல் போய்விடும், மதினி கடைசி வரைக்கும் அம்மாதான் சொன்னாள் என்றே நினைத்துக்கொண்டிருப்பாள், அதனால் ஸ்டாண்டு சரியக்கூடாது, அதனால் நான் சாகக்கூடாது. எங்கே போகிறது புத்தி. அன்றைக்கும் இப்படித்தான், அது தானாகப் போனது. சாயங்காலம், அம்மா மாடியில் துணி எடுக்கப் போயிருந்தாள், அவள் போன் அடுப்படி மேடையில் அடித்தது, பொன்மாரி. வயிற்றில் தங்கியதும் மூன்று மாசம் படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதால் மதினி விளாத்திகுளத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். இப்போது அஞ்சாம் மாசம். ஏழாம் மாசம் அவள் வீட்டார் இங்கே வந்து, எங்கள் வீட்டில் வைத்து வளையல் அடுக்கி அழைத்துப் போவதுதான் முறை, அதற்கு அவள் முதலில் இந்த வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். வராமல் அங்கேயே இருந்துவிட்டால், சண்டை என்பதற்கு ஊருக்கு வேறு விளக்கம் தேவையில்லை. நான் போனை எடுத்து, அம்மாவின் குரலில், சொல்லு தாயி என்றேன். எப்போதும் செய்கிறதுதான். எப்போதும் இரண்டு வாக்கியத்தில் சிரித்துவிடுவேன், ஏ வல்லி நீதானா என்பாள், அதுதான் விளையாட்டு. அன்றைக்கு அவள், அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை அவுக கார் எடுத்துக்கிட்டு வாராகளா அத்தை என்று கேட்டாள். அவள் குரல் சந்தோசமாக இருந்தது. அந்தக் கார்லயா என்றேன். அம்மா அப்படித்தான் கேட்பாள், அந்த இழுவை, அந்த மூக்கு. அப்புறம் நிறுத்தியிருக்க வேண்டும். அப்புறம் ஒரு வரி தானாக வந்தது. எனக்கு அப்படித்தான், ஒரு குரலுக்குள் போய்விட்டால் அடுத்து அவர்கள் என்ன சொல்வார்கள் என்று நான் யோசிப்பதில்லை, அதுவே வந்து விழும், அதுதான் என் திறமை என்று எல்லோரும் சொல்வார்கள். போன தடவையும் சொல்லச் சொல்லக் கேக்காம பைக்குல ஏறிப் போயித்தான எல்லாத்தையும் தொலைச்சுட்டு வந்த. அவ்வளவுதான் வரி. சிரிக்கப் போனேன், சத்தியமாகச் சிரிக்கப் போனேன், வாய் அதற்குத் திறந்தும்விட்டது. அதற்குள் போன் வைத்துவிட்டாள்.

சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன். இல்லை, நினைத்ததாக நினைத்துக்கொண்டேன். போனைத் துடைத்து மேடையில் வைத்தேன், எதற்குத் துடைத்தேன், ஒரு தட்டுப் போட்டு இட்லி தின்றேன். மறுநாள் அண்ணன் போன் போட்டால் மதினி இரண்டே வார்த்தை பேசினாள், அதற்கடுத்த நாள், கார்ல வரலாமா கூடாதான்னு உங்க அம்மாகிட்டயே கேளுங்க என்று வைத்துவிட்டாள். அந்த மற்ற வரியை அவள் அண்ணனிடம் சொல்லவே இல்லை. எப்படிச் சொல்வாள், பைக்கை ஓட்டியது அவன்தானே. அண்ணன் அம்மாவிடம் கேட்டான், காரைப் பத்தி என்னம்மா சொன்ன அவகிட்ட. அம்மா, நான் அவகிட்டப் பேசியே வாரமாச்சேய்யா என்றாள். அண்ணன் நம்பவில்லை. நம்பாததை வாயால் சொல்லவில்லை, சாப்பாட்டுத் தட்டைப் பாதியில் தள்ளி எழுந்து சொன்னான். அம்மா செண்பகவல்லி அம்மன் கோயில் பக்கம் கை நீட்டி, எம் பேரன் பேத்தியைப் பாக்காம போயிருவேன் நான் பொய் சொன்னா என்றாள், நான் அப்போது கதவுக்குப் பின்னால் நின்று என் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அந்த விரலை அவ்வளவு நேரம் நான் பார்த்ததே கிடையாது, அதில் ஒரு வெட்டு இருக்கிறது. அன்றே சொல்லியிருந்தால் விளக்கமாற்று அடியோடு முடிந்திருக்கும். ஒரு நாள் தள்ளினேன், அது இரண்டு மடங்கானது. லாரியோடு வடக்கே போயிருக்கிற அப்பா போனில், வீட்ல என்ன ஆளாளுக்கு ஊமையாட்டம் பேசுறீக என்று கேட்டார், நான் அண்ணன் குரலில் ஒண்ணுமில்லப்பா என்றேன், அப்பா நம்பிவிட்டார். எதற்குப் பயப்படுகிறேன். அண்ணன் அடிக்க மாட்டான். அம்மா அடிப்பாள், அது பழகியது. அந்த வரிதான் பயம். நான் செய்தேன் என்று சொன்னால் எதைச் சொன்னேன் என்றும் சொல்ல வேண்டும், அதை இந்த வீட்டுக்குள் ஒரு தடவை சத்தமாகச் சொல்ல வேண்டும், ஒரு வருசமாக எல்லோரும் சேர்ந்து சொல்லாமல் வைத்திருப்பதை. அப்புறம் இன்னொன்று. அது நானாக இட்டுக்கட்டினதா, இல்லை அம்மாவின் குரலுக்குள் அது ஏற்கெனவே இருந்து, நான் கைவிட்டு எடுத்தேனா.

இப்போது வைஸ். கொட்டகை மூலையில் பலகையில் இறுக்கிய பழைய வைஸ், அதன் தாடைகளுக்கு நடுவில், மறுமுனையையும் கழற்றி எடுத்த நீளக் கையை வைத்து, புஷ்ஷின் ஒரு பக்கம் சின்னக் குழாய்த் துண்டு, மறுபக்கம் பெரிய குழாய்த் துண்டு, முறுக்க முறுக்கச் சின்னது தள்ளும், பழைய புஷ் பெரியதற்குள் போய் விழும். சொல்வதற்கு எளிது. பாதி வந்து நின்றுவிட்டது. ஆக்ஸா பிளேடால் வெளி வளையத்தை அறுக்கிறான், கீர் கீர், நான் மறுமுனையைப் பிடித்திருக்கிறேன். ரப்பர் பிய்ந்து கறுப்பாக என் உள்ளங்கையில் உதிர்கிறது. பாரு எப்படிக் கிழிஞ்சிருக்கு, நாலு மாசம்தான் ஆகுது என்கிறான், குரல் கொஞ்சம் உடைகிறது, புஷ்ஷைப் பற்றிப் பேசுகிற குரல் இல்லை அது. இவ்வளவையும் அவதான் உக்காந்து தாங்கிட்டு வந்திருக்கா, ஒரு வார்த்தை சொல்லல பாரேன். அண்ணே. என்ன. ஒண்ணுமில்ல, சோப்புத் தண்ணி எடுத்துட்டு வாரேன். எடுத்துட்டு வா. நான் எழுந்து போகிறேன். பின்வாசலில் அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு முகம் காட்டவில்லை, பதினோரு நாளாக யாருக்கும் காட்டவில்லை, வெங்காயம் உரிக்கிறவள் கண்ணைத் துடைத்தால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று தினமும் வெங்காயம், தினமும் குழம்பு. நாலு மணிக்குக் கிளம்புறானா என்று மட்டும் கேட்கிறாள். ஆமா என்கிறேன். அவ வரமாட்டா என்கிறாள், என்னிடம் இல்லை, வெங்காயத்திடம். மக்கில் சோப்பு கரைக்கிறேன், நுரை வருகிறது, நாலு மணிக்கு இவன் சக்கரத்தையெல்லாம் மாட்டிக் குளித்துச் சட்டை மாற்றி விளாத்திகுளம் போய், வண்டி இனிமே குலுங்காது வா என்று சொல்வான், அவள் இவனைப் பார்ப்பாள், அந்த வரி அவள் கண்ணுக்குள் நிற்கும், இவனுக்குத் தெரியாது, இவன் காரைக் காட்டுவான், புது புஷ் என்பான், அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். இவன் தனியாகத் திரும்பி வருவான், சத்தமே இல்லாத காரில். புதுப் புஷ்ஷுக்குச் சோப்புத் தண்ணி தடவி வைஸில் வைத்து முறுக்கியதும் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டது. பார்த்தியா என்று அண்ணன் என் தலையில் தட்டினான். நல்லா ஒத்தாசை பண்ற, நீ இல்லன்னா தனியாக் கெடந்து செத்திருப்பேன். எனக்கு ஓட வேண்டும் போல இருந்தது.

இன்னும் மூன்று முனை. மறுபடி சாக்கு, மறுபடி போல்ட்டு, மறுபடி வைஸ், ஒன்றரை மணி ஆகிவிட்டது, சாப்பிட வரச் சொல்லி அம்மா கூப்பிடவில்லை. எல்லா போல்ட்டையும் கையால் மட்டும் திருகிவிட்டு, சக்கரத்தை மாட்டி, கீழே படுக்க இடம் வேண்டும் என்பதற்காக முன்சக்கரம் பின்சக்கரம் எல்லாவற்றுக்கும் அடியில் தடிப் பலகை அடுக்கி, ஸ்டாண்டை எடுத்து மெல்ல இறக்கினான். வண்டி ஒரு பெருமூச்சு விட்டு உட்கார்ந்தது. ஹ்ஹூம். வரும், எனக்கு அதுவும் வரும். நீ போய்ப் பின்சீட்டுல உக்காரு என்றான், அவ உக்காருற பக்கம், எடை இருக்கட்டும், நான் கீழ போய் முறுக்குறேன். உட்கார்ந்தேன். சீட்டில் மதினியின் தலைக் கிளிப் ஒன்று இடுக்கில் கிடந்தது. கீழே அவன் நகர்ந்து வருகிற சத்தம், சாக்கு இழுபடுகிறது, ஸ்பானர் போல்ட்டில் மாட்டுகிறது. அவன் எனக்கு நேர் அடியில். முகம் தெரியவில்லை. நடுவில் ஒரு தகரம், ஒரு சீட்டு. இனி வண்டி விழாது, தரையில் நிற்கிறது. முதல் முறுக்கு. சீட்டு வழியாக எனக்குத் தெரிந்தது.

அண்ணே, மதினிகிட்ட போன்ல பேசுனது அம்மா இல்ல, நான்.

ஸ்பானர் நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, தெருவில் ஒருத்தன் பழைய இரும்பு, பிளாஸ்டிக் என்று கத்திக்கொண்டு போனான், அவன் குரல் தேய்ந்து முடிகிற வரைக்கும். அப்புறம் கீழேயிருந்து, என்ன சொன்ன அவகிட்ட என்று வந்தது. விளையாட்டுக்குத்தான் என்றேன். அது கெடக்கட்டும், என்ன சொன்னேன்னு சொல்லு. சொன்னேன். அம்மாவின் குரலில் இல்லை, தட்டையாக, பாடம் ஒப்பிக்கிற மாதிரி, பைக்கு என்கிற வார்த்தையில் தடுக்கி, தொலைச்சுட்டு வந்த என்று முடித்தேன். நிமிர்ந்து பார்த்தால் கார் கதவோரம் அம்மா நிற்கிறாள், கையில் வெங்காயச் சருகு. அடிப்பாள் என்று கன்னத்தைக் காட்டினேன். அடிக்கவில்லை. அவளுக்குப் போன் போடுடி என்றாள். என் போனை எடுத்தேன், அவ இப்ப எம்போனை மட்டும்தான் எடுக்கா என்று அண்ணன் கிரீஸ் கையோடு தன் போனைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் நீட்டினான். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தேன். சொல்லுங்க என்றாள் மதினி. மதினி என்றேன். யாரு என்றாள். நான்தான். யாரு பேசுறது. வல்லி, மதினி, வல்லி பேசுறேன். அன்னைக்கு அம்மா மாதிரி பேசுனது நான்தான், நீங்க சிரிப்பீகன்னு நெனச்சேன், அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது, நான்தான், மன்னிச்சிருங்க. அழுதுவிட்டேன், அழுகை அசிங்கமாக வந்தது, எந்த மாதிரியும் இல்லாமல்.

மதினி போனை வைக்கவில்லை. அத்தை பக்கத்துல இருக்காகளா என்றாள். அம்மா போனை வாங்கினாள். இருக்கேன் தாயி. மதினி மெதுவாகக் கேட்டாள், அத்தை, அவ சின்னப்பிள்ளை, வெளையாடிட்டா, சரி. நீங்க அப்படி நெனச்சதே இல்லையா. இல்ல தாயி, ஒரு நாளும் இல்ல, நான் நெனப்பேனா, அம்மாவின் பதில் முழுசாக என் நாக்கில் தயாராக இருந்தது, ஏற்ற இறக்கத்தோடு, சொல்லம்மா, இதைச் சொல்லிவிடு, முடிந்துவிடும். அம்மா வெங்காயச் சருகை உள்ளங்கையில் கசக்கினாள். நெனச்சேன் என்றாள். அன்னைக்கு ஆஸ்பத்திரியில வச்சு நெனச்சேன். உன்னையத்தான் நெனச்சேன், அவனையும் நெனச்சேன். மறுநாள்ல இருந்து என்னையத்தான் சொல்லிக்கிடுதேன், வாசல்ல நின்னு வாயால சொன்னவ, சாவியைப் பிடுங்கி வச்சிருக்கக் கூடாதான்னு. உங்கிட்டச் சொல்லத் தெரியல தாயி. காருக்கு அடியிலிருந்து அண்ணன் பேசினான், வண்டிக்குச் சொல்கிற மாதிரி, ஓட்டுனது நான்ல, என்னைய ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. போனில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம், அப்புறம் ஒரு விக்கல், அது அழுகை விக்கல்தான். எத்தனை மணிக்கு வாரீக என்று கேட்டாள். நாலு மணிக்குக் கெளம்புதான் என்றாள் அம்மா. நீங்களும் வாங்க அத்தை, ஒங்க மொகத்தைப் பாத்துக்கிட்டுத்தான் நான் இனி எதையும் நம்புவேன் என்றாள் மதினி. அவளையும் கூட்டிக்கிட்டு வாங்க, அந்தக் கழுதைக்கு நான் நேர்ல குடுக்க வேண்டியது இருக்கு.

அம்மா போனை என் மடியில் போட்டுவிட்டு, சேலையில் கையைத் துடைத்து, கதவைத் திறந்து, தள்ளுடி என்று என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். வண்டி இன்னும் ஒரு விரல் கடை கீழே இறங்கியது. இப்பத்தான் சரியா இருக்கு, ரெண்டு பேரும் ஆடாம உக்காருங்க என்றான் அண்ணன், ஸ்பானரை மாட்டினான்.